இந்தப் பாறை ஒரு காலத்துல பாலைவன மணல்மேடா இருந்துச்சா? அடுக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கறது எப்படி

ஒரு மணற்கல் பாறைச் சுவர் முன்னாடி நிக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. படிவுப் பாறைன்னா அடுக்கெல்லாம் படுக்கையா, ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும்னுதான் பாடப் புத்தகத்துல படம் போட்டிருப்பாங்க. ஆனா இந்தச் சுவர்ல ரெண்டு படுக்கைக் கோட்டுக்கு நடுவுல வரிசையா நிறைய கோடுகள் சாஞ்சு கிடக்கு, அதுக்கு மேல இருக்கற தொகுதியில சாய்வு வேற மாதிரி, அதுக்கும் மேல இன்னொரு திசை. இதுக்குப் பேரு குறுக்கு அடுக்கு, ஜியாலஜி படிச்சவங்க கிராஸ் பெட்டிங்னு சொல்லுவாங்க. முதல் தடவை பார்க்கறவங்க பூமி நகர்ந்ததுல பாறை இப்படிச் சாஞ்சிருச்சு போலன்னு நினைப்பாங்க. அப்படி இல்ல, மேலயும் கீழயும் இருக்கற கோடுகள் நேராத்தானே இருக்கு, நடுவுல இருக்கறது மட்டும் எப்படிச் சாயும்? இந்த மணல் விழும்போதே சாய்வாத்தான் விழுந்துச்சு.

சரி, அப்ப இது மணல்மேடுதான்னு முடிவு பண்ணிரலாமான்னா, முடியாது. ஆத்துலயும் கடலடியிலயும் தண்ணி மணலைத் தள்ளிக்கிட்டுப் போகும்போது இதே மாதிரி மேடுகள் உருவாகும், அதுலயும் குறுக்கு அடுக்கு வரும். அதுனால உண்மையான கேள்வி இதை யாரு பண்ணது, காத்தா தண்ணியா அப்படிங்கறதுதான். நிறைய இடத்துல 'சாய்வு செங்குத்தா இருந்தா காத்து, படுக்கையா இருந்தா தண்ணி'ன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க, அது பாதி உண்மைதான். என்னைக் கேட்டா பெரிய சாய்வைத் தூரத்துல இருந்து ரசிச்சுட்டு, அப்புறம் மூக்கு பாறையில இடிக்கற தூரத்துக்குப் போய் மில்லிமீட்டர் கணக்குல இருக்கற கோடுகளைப் பார்க்கணும், வழக்கு ஜெயிக்கறது அங்கதான்.

முதல்ல மணல்மேடு எப்படி நகருதுன்னு புரிஞ்சுக்கணும், இல்லன்னா பாறையில தெரியற எதுவும் புரியாது. காத்து வேகமா அடிக்கும்போது மணல் துகள் அப்படியே மேகம் மாதிரி பறந்து போறதில்ல (அது தூசி), மணல் குதிச்சுக் குதிச்சுத்தான் போகும், ஒரு துகள் எகிறி விழுந்து இன்னும் நாலு துகளைத் தட்டி விடும், அதுல எகிற முடியாத பெரிய துகளெல்லாம் தரையோட தரையா நகரும். இதை முறையா அளந்து பார்த்தவர் ரால்ஃப் பேக்னால்ட்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர். 1920கள் கடைசியிலயும் 1930கள்லயும் சாதாரண ஃபோர்டு காரை எடுத்துக்கிட்டு எகிப்து, லிபியா பாலைவனத்துல சுத்திட்டு, லண்டனுக்கு வந்து காத்துச் சுரங்கம் கட்டி மணலைப் பறக்க விட்டுப் பார்த்தாரு. செவ்வாய் கிரக மணலைப் பத்திப் பேசறவங்க கூட இன்னைக்கும் அவர்கிட்ட இருந்துதான் ஆரம்பிக்கறாங்க.

அந்தக் குதிக்கற மணல், மேட்டோட காத்தடிக்கற பக்கம் ஏறிப் போகும், இந்தப் பக்கம் சாய்வு கம்மி, பெரும்பாலும் 10, 15 டிகிரிதான். உச்சிக்குப் போனதும் அந்தப் பக்கம் காத்து மறைவு, அங்க தள்றதுக்கு ஆள் இல்லாததுனால மணல் உச்சிக்குக் கீழயே விழுந்து சேரும். சேரச் சேர சாய்வு ஏறிக்கிட்டே போய், காஞ்ச மணல் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டினதும், அதாவது 32ல இருந்து 34 டிகிரி வாக்குல, சரிஞ்சு கீழ ஓடிரும். லாரியில கொட்டுன காஞ்ச மணல் குவியல்ல மேல ஒரு கை மணல் போட்டா பக்கவாட்டுல சரியுமே, அதேதான், என்ன இங்க சரியற பக்கம் பத்து மாடி உயரம் கூட இருக்கலாம். இப்படி ஒரு பக்கம் அரிச்சு எடுத்து இன்னொரு பக்கம் போட்டுப் போட்டுத்தான் மேடு முழுசும் முன்னாடி நகருது, மறைவுப் பக்கம் விழுந்த ஒவ்வொரு பட்டையும் ஒரு சாய்ந்த அடுக்கா உள்ள பதிஞ்சுக்கிட்டே வருது. பாறையில நீங்க பார்க்கற சாய்ந்த கோடு ஒவ்வொண்ணும் ஒரு காலத்துல அந்த மேட்டோட சரிவு முகமா இருந்த பரப்பு. அதுனால அந்தக் கோடு எந்தப் பக்கம் இறங்குதோ அந்தப் பக்கம்தான் காத்து போயிருக்கு.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு ஏமாத்தமா இருக்கும். பாறையில முழு மணல்மேடும் அதோட அழகான வடிவத்தோட புதைஞ்சு கிடக்கும்னு எதிர்பார்க்காதீங்க, கிட்டத்தட்ட எப்பவுமே அப்படி இருக்காது. பின்னாடி வர்ற அடுத்த மேடு முன்னாடி போனதோட தலையைச் சீவிட்டுத்தான் மேல ஏறும், அடிப்பகுதி மட்டும் மிஞ்சும். குறுக்கு அடுக்குத் தொகுதிக்கு மேல தெரியுதே ஒரு வெட்டுன மாதிரி கோடு, அது அப்படி வந்ததுதான். அதுனால பாறையில ஒரு தொகுதி 5 மீட்டர் கனமா இருந்தா அந்த மேடு 5 மீட்டர் உயரம்னு அர்த்தம் இல்ல, அதைவிட எவ்வளவோ உயரமா இருந்திருக்கும். இதுலயே ஒரு உபயோகமும் இருக்கு. சாய்ந்த கோடுகள் கீழ் முனையில வளைஞ்சு படுக்கைக் கோட்டோட மெதுவா சேரும், மேல் முனையில சட்டுன்னு வெட்டுப்படும். மலை மடிப்புகள்ல பாறை தலைகீழாக் கிடந்தா கூட இதை வெச்சு எது மேல் பக்கம்னு சொல்லிரலாம்.

இப்ப சாய்வுக் கோணத்துக்கு வருவோம். காஞ்ச மணல் 34 டிகிரி வரைக்கும் நிக்கும்னு சொன்னேன், ஆனா பாறையில அளந்தா அவ்வளவு வராது, 20கள்லதான் நிறைய வரும், ஏன்னா ரொம்பச் செங்குத்தா இருந்த மேல் பகுதியைத்தான் அடுத்த மேடு சீவிருச்சே, மிச்சமும் மேல இருக்கற பாரத்துல அமுங்கியிருக்கும். தண்ணிக்குள்ள இருக்கற சின்ன மேடுகள்லயும் மணல் சரிஞ்சு 30 டிகிரி வாக்குல நிக்கும், பெரிய ஆறுகள்ல இருக்கற பெரிய மேடுகள் மட்டும் நிறைய நேரம் சாய்வு கம்மியா இருக்கும். அப்ப ஒரு இடத்துல 25 டிகிரின்னு அளந்தா என்ன சொல்ல முடியும்? தனியா ஒண்ணும் சொல்ல முடியாது, மத்த சாட்சிகளோட சேர்த்துத்தான் பேசணும்.

கோணத்துலயே இன்னொரு வம்பு இருக்கு, ஆரம்பத்துல எல்லாரும் இதுல மாட்டுவாங்க. பாறைச் சுவர் எந்தத் திசையில வெட்டுப்பட்டிருக்குங்கறதைப் பொறுத்து ஒரே அடுக்கு வேற வேற சாய்வாத் தெரியும். காத்து போன திசைக்கு இணையா வெட்டுன சுவர்ல முழுச் சாய்வும் தெரியும், அதுக்குக் குறுக்கா வெட்டுன சுவர்ல அதே கோடுகள் கிட்டத்தட்ட படுக்கையாவோ, இல்ல தொட்டி மாதிரி வளைஞ்ச கோடாவோ தெரியும். அதுனால ஒரு சுவரை மட்டும் பார்த்துட்டு 'சாய்வு 8 டிகிரிதான், காத்து இல்ல'ன்னு எழுதிராதீங்க, ஒரு மூலை திரும்பி இன்னொரு முகத்தையும் பாருங்க, ரெண்டு முகத்தையும் சேர்த்தாத்தான் உண்மையான சாய்வு கிடைக்கும். அப்புறம் பிற்காலத்துல பூமி நகர்ந்ததுல பாறை மொத்தமுமே சாஞ்சிருந்தா அந்தச் சாய்வையும் கழிக்கணும்.

அளவுன்னு பார்த்தா, ஒரே தொகுதி 10, 20 மீட்டர் கனத்துக்கு இருந்தா காத்து பக்கம் சந்தேகம் பலமாத் திரும்பும். அமெரிக்காவுல யூட்டா, அரிசோனா பக்கம் இருக்கற நவாஹோ மணற்கல்தான் இதுக்குப் பேர் போன உதாரணம், சுமார் 19 கோடி வருஷத்துக்கு முன்னாடி, ஜுராசிக் காலத்தோட ஆரம்பத்துல இருந்த ஒரு மாபெரும் மணல் கடல். ஸயான் தேசியப் பூங்காவுல அந்தப் பாறை 600 மீட்டருக்கும் மேல கனம், மலைச் சுவர் முழுக்கக் குறுக்கு அடுக்குதான். அங்க செக்கர்போர்டு மேசான்னு ஒரு குன்று கட்டம் கட்டமா இருக்கும், படம் பார்த்திருப்பீங்க. அதுல படுக்கையா ஓடற கோடுகள்தான் அடுக்கு, மேல இருந்து கீழ இறங்கற கோடுகள் பாறை வெளியில வந்ததுக்கு அப்புறம் வெயில்லயும் குளிர்லயும் விட்ட வெடிப்பு, அதுக்கும் மணல்மேட்டுக்கும் சம்பந்தமே இல்ல. இதே மாதிரி இரும்புச் சத்துள்ள தண்ணி பாறைக்குள்ள ஊறி விட்டுட்டுப் போன கலர் பட்டைகளும் அடுக்கு மாதிரியே ஏமாத்தும், ஃபோட்டோவுல பார்த்தா சுத்தமா வித்தியாசம் தெரியாது, துகள் அளவு அந்தக் கோட்டுல மாறுதான்னு கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.

சரி, மூக்கு இடிக்கற தூரத்துக்கு வந்தாச்சு. 1977ல ரால்ஃப் ஹன்டர்னு ஒரு ஜியாலஜிஸ்ட் சின்ன மணல்மேடுகளை ஆராய்ஞ்சு, மேட்டுக்குள்ள இருக்கற மெல்லிய அடுக்குகளை முக்கியமா மூணு வகையாப் பிரிச்சாரு, இந்தத் துறையில அது ஒரு பெரிய திருப்பம்னே சொல்லலாம், ஏன்னா அதுக்கு அப்புறம்தான் பெரிய வடிவத்தை விட்டுட்டு மெல்லிய அடுக்கை நம்ப ஆரம்பிச்சாங்க.

முதல் வகை, சரிவுல ஓடுன மணல். மேல சொன்னேனே அந்தச் சரிவு, அது மொத்த முகமும் ஒண்ணாச் சரியாது, நாக்கு நாக்காத்தான் இறங்கும், ஒவ்வொரு நாக்கும் சில சென்டிமீட்டர் கனம். பாறையில இது கொஞ்சம் தடிச்ச பட்டையா, உள்ள பெருசா கோடு எதுவும் இல்லாம, அடிப்பக்கம் போகப் போக மெலிஞ்சு ஆப்பு மாதிரி முடியும். ரெண்டாவது, உச்சியைத் தாண்டிப் பறந்து வந்து சும்மா மேல விழுந்த மணல், இது போர்வை மாதிரி மெல்லிசா மூடும், கண்டுபிடிக்கறதும் கஷ்டம், பெரிய மேடுகள்ல கீழ வரைக்கும் வந்து சேராது, அதுனால இதைப் பத்தி ரொம்ப அலட்டிக்க வேண்டாம்.

மூணாவதுதான் முக்கியம். மணல் மேல காத்து போடற சின்னச் சின்ன அலை வரி இருக்கே, ரிப்பிள், அது நகரும்போது விட்டுட்டுப் போற அடுக்கு. காத்து ரிப்பிள்ல ஒரு விசேஷம், பெரிய துகளெல்லாம் வரியோட முகட்டுல போய் உக்காந்துக்கும், சின்னது பள்ளத்துல தங்கிரும். அந்த வரி மெதுவா மேல ஏறிக்கிட்டே நகரும்போது முதல்ல பள்ளத்தோட பொடி மணல் படியும், அதுக்கு மேல முகட்டோட பெரிய மணல் படியும். அதாவது ஒவ்வொரு மில்லிமீட்டர் அடுக்கும் கீழ நைசு, மேல கரகரப்பு. தண்ணி வேகம் குறைஞ்சு படியற அடுக்குல பொதுவா இதுக்கு நேர் எதிர், கனமானது முதல்ல விழும், நைசு மேல வரும். காத்துல வந்த இந்த அடுக்குகள் ஒவ்வொண்ணும் சில மில்லிமீட்டர்தான், ஆனா ஒரே சீரா, ரொம்ப தூரத்துக்குக் கோடு கிழிச்ச மாதிரி ஓடும், அந்த நைசு மணல் கோடு கெட்டியா இறுகிப் போறதுனால பாறை தேயும்போது அது மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். ஜியாலஜிஸ்டுங்க இதைப் பின்ஸ்ட்ரைப்னு கூப்பிடுவாங்க. ஒரு ஹேண்ட் லென்ஸ் வெச்சுப் பார்த்து இந்தக் கீழ நைசு மேல கரகரப்பு வரிசை திரும்பத் திரும்ப வருதுன்னா, கூடவே அந்த நாக்குப் பட்டைகளும் மாத்தி மாத்தி வருதுன்னா, நான் தைரியமா காத்துன்னு சொல்லிருவேன், வேற எந்த ஒரு அடையாளத்துக்கும் இந்த அளவுக்கு மரியாதை குடுக்க மாட்டேன்.

ரிப்பிளோட வடிவமே பரப்புல பதிஞ்சு கிடைச்சா இன்னும் நல்லது. காத்து ரிப்பிள் ரொம்பத் தட்டை, ரெண்டு முகட்டுக்கு நடுவுல இருக்கற தூரத்தை உயரத்தால வகுத்தா பெரும்பாலும் 15க்கு மேல வரும், தண்ணி ரிப்பிள்ல அதுக்குக் கீழ. முகடும் நீளமா நேரா ஓடும். சரிவு முகத்துல ரிப்பிள் முகடு சாய்வோட மேல இருந்து கீழ இறங்கற மாதிரி பதிஞ்சிருந்தா, காத்து சுழிச்சு பக்கவாட்டுல வீசியிருக்குன்னு கூட படிக்கலாம்.

துகளைப் பத்தி எல்லா அறிமுகக் கட்டுரையிலயும் பெருசா எழுதுவாங்க, நான் அதுக்கு ரெண்டாவது இடம்தான் குடுப்பேன். காத்து தண்ணியைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி கம்மி, அதுனால கூழாங்கல்லைத் தூக்க முடியாது, களிமண் பொடியை எங்கயோ கொண்டு போயிரும், நடுவுல இருக்கற நைசு மணலும் நடுத்தர மணலும் மட்டும் சலிச்ச மாதிரி ஒரே சைஸ்ல சேரும். தண்ணி மாதிரி தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாம துகள்கள் காத்துல மோதிக்கறதுனால முனை மழுங்கி உருண்டையாகும், மேல்பரப்பு தேய்ச்ச கண்ணாடி மாதிரி மங்கலாகும். மைக்கா மாதிரி மெல்லிய தகடுகள் நொறுங்கிக் காணாமப் போகும். எல்லாம் சரிதான், ஆனா உருண்டைத் துகள் பழைய மணற்கல் உதிர்ந்து வந்ததாவும் இருக்கலாம், மங்கலான பரப்பு ரசாயன மாற்றத்துலயும் வரும். சிவப்பு நிறத்தை வெச்சு பாலைவனம்னு சொல்றவங்களும் இருக்காங்க, நவாஹோ மணற்கல்லுலயே பாதி இடம் வெள்ளையா வெளுத்துக் கிடக்கு, அப்புறம் என்ன சொல்ல. மணல்னா குவார்ட்ஸாத்தான் இருக்கணும்னும் இல்ல, நியூ மெக்சிகோவுல இருக்கற ஒயிட் சாண்ட்ஸ் மேடுகள் முழுக்க ஜிப்சம், பஹாமாஸ்ல சிப்பித் தூள்ல மணல்மேடு உருவாகி பாறையாவே இறுகிப் போயிருக்கு. அந்த ஒயிட் சாண்ட்ஸ்லதான் 1960கள்ல எட்வின் மெக்கீங்கற ஜியாலஜிஸ்ட் நிஜ மணல்மேட்டுக்குக் குறுக்கா பெரிய பள்ளம் வெட்டி, உள்ள அடுக்கு எப்படி இருக்குன்னு பார்த்து வரைஞ்சாரு, பாறையில பார்க்கறதோட ஒப்பிட ஒரு நல்ல ஆதாரம் அப்பத்தான் கிடைச்சுது.

மணல்மேடுகளுக்கு நடுவுல இருக்கற பள்ளங்களையும் மறக்கக் கூடாது. அங்க நிலத்தடி நீர் மேல வந்தா மணல் ஈரமாகி ஒட்டிக்கும், காத்தால அதுக்கு மேல இருக்கற காஞ்ச மணலை மட்டும்தான் அடிச்சுக்கிட்டுப் போக முடியும், ஈர மட்டத்தோட நின்னுரும். அப்படி மைல் கணக்குல ஒரே மட்டமான வெட்டுப் பரப்பு உருவாகும்னு 1968ல வில்லியம் லீ ஸ்டோக்ஸ் சொன்னாரு. அந்தப் பள்ளங்கள்ல சேறு காஞ்சு விட்ட வெடிப்பு, உப்புப் படிவு, ஈர மணல்ல காஞ்ச மணல் ஒட்டி ஒட்டி வந்த கரடுமுரடான பரப்பு எல்லாம் கிடைக்கும். இதைப் பார்த்துட்டு தண்ணி அடையாளம் இருக்கே, அப்ப மணல்மேடு இல்லன்னு பயந்துராதீங்க, மேட்டுக்கு நடுவுல குட்டை இருக்கறது சகஜம். ஆனா சாய்ந்த அடுக்குகளுக்கு உள்ளயே களிமண் படலம் மாத்தி மாத்தி வந்தாலோ, கூழாங்கல் இருந்தாலோ, பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள் நேர் எதிர்த் திசையில சாஞ்சிருந்தாலோ, ஆறோ, கடல் தண்ணி தினமும் ஏறி வத்தற ஓதமோ பண்ணதான்னு யோசிக்கணும்.

காலடித் தடமும் உதவும். கிராண்ட் கேன்யன்ல இருக்கற கொக்கொனினோ மணற்கல், சுமார் 27, 28 கோடி வருஷப் பழசு, அதோட சாய்ந்த அடுக்குப் பரப்புல நாலுகால் பிராணிகளோட தடம் நிறைய இருக்கு, 1920கள்ல சார்லஸ் கில்மோர் அதையெல்லாம் விவரமா எழுதினாரு. விசித்திரம் என்னன்னா பெரும்பாலான தடம் மேட்டு மேல ஏறிப் போறதுதான், இறங்கறது ரொம்பக் கம்மி. அதுக்காகப் பிராணியெல்லாம் ஏறிட்டு இறங்கவே இல்லன்னு அர்த்தமா? இறங்கும்போது மணல் சரிஞ்சு தடத்தை அழிச்சிருக்கும்ங்கறதுதான் பொதுவாச் சொல்ற விளக்கம். மெக்கீ உயிரோட இருக்கற பல்லி இனங்களை மணல்ல ஓட விட்டே இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காரு.

எல்லாம் பொருந்தி காத்து மணல்மேடுதான்னு முடிவு பண்ணிட்டாலும், உடனே பாலைவனம்னு எழுதிராதீங்க. கடற்கரையிலயும் மணல்மேடு இருக்கும், அது போக நிலத்துல செடிகொடியே இல்லாத காலத்துல, அதாவது சுமார் 47 கோடி வருஷத்துக்கும் முந்தின காலத்துல, மழை பெய்யற இடத்துலயும் மணலைப் பிடிச்சு வைக்க வேர் கிடையாது, காத்து இஷ்டத்துக்கு அள்ளிக்கிட்டுப் போயிருக்கும். கோதாவரிப் பள்ளத்தாக்குல வெங்கட்பூர் மணற்கல்னு ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்துக்கும் ரொம்ப முந்தின மணல் கடல்னு சொல்றாங்க. நவாஹோவுலயும் அது ஒரே வறட்சின்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க, அப்புறம் 2001ல டேவிட் லூப்பும் கூட இருந்தவங்களும் சரிவு அடுக்குகள்ல ஈர மணல் சரிஞ்ச அடையாளங்களைப் பார்த்து வருஷா வருஷம் பருவமழை பெஞ்சிருக்குன்னு காட்டினாங்க.

இதே முறைதான் செவ்வாய்லயும் ஓடுது. 2004ல நாசாவோட ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் எண்டூரன்ஸ்ங்கற விண்கல் பள்ளத்தோட சுவர்ல குறுக்கு அடுக்கைப் படம் எடுத்து அனுப்புச்சு, அப்புறம் கியூரியாசிட்டிங்கற இன்னொரு ரோவர் கேல் விண்கல் பள்ளத்துல ஸ்டிம்சன்னு பேர் வெச்ச மணற்கல்லைப் பார்த்துச்சு, பழைய ஏரிச் சேறு பாறையாகி, அரிச்சு, அந்த அரிப்புப் பரப்பு மேல காஞ்ச மணல்மேடு வந்து உக்காந்திருக்கு. ஏரி போய் பாலைவனம் வந்த வரிசை அப்படியே அடுக்குல இருக்கு.

பூமியில இதுக்குக் காசும் இருக்கு. வட ஐரோப்பாவுல ராட்லீகென்ட்னு ஒரு பெர்மியன் காலப் (சுமார் 25ல இருந்து 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி) பாறைத் தொகுதி, அதுல பாலைவன மணல் நிறைய, 1959ல கண்டுபிடிச்ச நெதர்லாந்தோட க்ரோனிங்கன் எரிவாயு வயலும் தெற்கு வட கடல்ல இருக்கற பல வயல்களும் அந்தத் தொகுதியிலதான் இருக்கு. கிணறு தோண்டும்போது கைக்கு வர்றது கையகல அகலத்துல ஒரு பாறை உருளை மட்டும்தான், அதுல மலைச் சுவரும் தெரியாது, பெரிய சாய்வும் முழுசாத் தெரியாது, அந்த மில்லிமீட்டர் கோடுகளை வெச்சுத்தான் முடிவு பண்ணியாகணும். சரிவுல ஓடுன நாக்குப் பட்டை வழியா வாயு சுலபமாப் போகும், ரிப்பிள் அடுக்கு நைசு மணல் கோடுகளால தடுக்கும், ஈரப் பள்ளத்துல படிஞ்சது இன்னும் மோசம், அதுனால எந்த உயரத்துல எந்த வகை இருக்குன்னு வரிசையாக் குறிச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரிதான் கிணத்துல எங்க ஓட்டை போடறதுன்னு யோசிப்பாங்க.